கோத்தகிரியில் இருந்தபடி ஆன்லைன் கல்வி நிறுவனத்தில் வேலை: முழுமையான வழிகாட்டி

போன மாதம் பக்கத்து ஊரான அரவேணுவில் இருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்தவள். வீட்டில் இருந்தபடியே ஆன்லைன் கல்வி நிறுவனத்துக்குப் பாடம் எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உட்கார்ந்ததும், "எந்த லேப்டாப்புங்கக்கா வாங்கறது?" என்று கேட்டாள். "லேப்டாப்பை அப்புறம் பார்க்கலாம். ஐப்பசி மழையில உங்க வீட்டுல நெட் எத்தனை நாள் போகுது, அதை முதல்ல சொல்லு" என்றேன்.

ஆறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்பு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பாடம் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் பஞ்சமே இல்லை. சொன்ன நேரத்துக்குத் தவறாமல் திரையில் வந்து உட்காருபவரைத்தான் நிறுவனம் தக்கவைத்துக்கொள்கிறது. கோவையிலோ சென்னையிலோ அது சாதாரணம். மலையில் பாதி வேலையே அதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் நெட்டுக்கும் கரண்டுக்கும் நேரத்துக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

1. எந்த வேலை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆன்லைன் கல்வி என்றாலே வகுப்பு எடுப்பதுதான் என்று நினைக்க வேண்டாம். மாணவர்கள் அனுப்பும் கணக்குகளுக்குப் படிப்படியாக விடை எழுதித் தருவது ஒரு வேலை. வினா வங்கி தயாரிப்பது, வீடியோ பாடத்துக்கு எழுதிக் கொடுப்பது, மற்றவர் எழுதியதில் பிழை பார்ப்பது, ஆங்கிலப் பாடத்தைத் தமிழாக்குவது என்று இன்னும் பல உண்டு. பள்ளத்தில் வீடு இருந்து சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடிக்கொண்டிருந்தால், இந்த எழுத்து வேலைகளில் தொடங்குங்கள். நெட் ஒரு மணி நேரம் போனாலும் குடிமுழுகிப் போகாது.

"அகாடமிக் கவுன்சலர்" என்ற பெயரில் வரும் விளம்பரங்களைக் கவனமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது பெற்றோருக்குப் போன் செய்து கோர்ஸ் விற்கிற வேலை. மாதம் இத்தனை சேர்க்கை என்று இலக்கு இருக்கும். அது பிடித்தவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் பாடம் நடத்தப் போகிறோம் என்று நினைத்துப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

தமிழ் படித்தவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேசவும் எழுதவும் சொல்லித்தர ஆசிரியர்கள் தேவைப்படுகிறார்கள். 2001இல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மழலைக் கல்வியில் இருந்தே பாடங்கள் இருக்கின்றன. வீட்டில் தமிழ் கேட்டு வளராத பிள்ளைக்கு எதை முதலில் சொல்வது, எதை அப்புறம் சொல்வது என்பதை அவற்றைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

2. எந்த நாட்டுப் பிள்ளைகள்? உங்கள் தூக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள்

சம்பளத்தை விட இதுதான் முக்கியம் என்பேன். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து உட்காரும் நேரம் எல்லா நாட்டிலும் சாயங்காலம் 5 மணி வாக்கில்தான். அந்த 5 மணி நமக்கு எப்போது வருகிறது என்று பாருங்கள்.

சிட்னியில் 5 மணி என்றால் நமக்குப் பகல் 12.30, அவர்கள் கோடைக்காலத்தில் 11.30. சிங்கப்பூர் என்றால் மதியம் 2.30. துபாய்க்கு 6.30. லண்டனுக்கு இரவு 9.30, அங்கே குளிர்காலம் என்றால் 10.30. நியூயார்க் பக்கம் என்றால் விடிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. கலிஃபோர்னியாவுக்குக் காலை 5.30, குளிர்காலத்தில் 6.30.

முதல் இரண்டு வருடம் நான் நியூயார்க் பக்கத்துப் பிள்ளைகளை எடுத்தேன். மணிக்கணக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. உடம்பு கெட்டது. இப்போது காலையில் கலிஃபோர்னியா, மதியம் சிங்கப்பூர். நடுவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கொழுந்து எடுக்க ஆள் வந்தால் தோட்டத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வர முடிகிறது. இரவு 7 முதல் 10 வரை ஊரே வீடியோ பார்க்கும் நேரம். அந்த நெரிசலில் வகுப்பு இல்லாமல் இருப்பதும் பெரிய நிம்மதி.

அப்புறம், கடிகாரம் மாறுவது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி வைப்பார்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். நமக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் மறந்துவிடும். என் முதல் மார்ச்சில், நியூயார்க் நேரம் இரவு 7 மணிக்கு, நமக்குக் காலை 5.30க்கு என்று இருந்த வகுப்பு ஒரு திங்கட்கிழமை 4.30க்கு வந்துவிட்டது. 5 மணிக்கு எழுந்து போனைப் பார்த்தால் நிறுவனத்தில் இருந்து ஐந்து செய்தி. எட்டு வயதுப் பிள்ளை அரை மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பணம் பிடித்தது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் முகம்தான் பல நாள் கண்ணில் நின்றது. அன்றிலிருந்து புது நாட்காட்டி வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இந்த நான்கு ஞாயிறுகளையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுவிடுகிறேன்.

3. நெட்: இரண்டு வழி, இரண்டும் வேறு வேறு நிறுவனம்

நம்மில் பலர் பார்ப்பது டவுன்லோடு வேகத்தை மட்டும்தான். வகுப்பு எடுப்பவருக்கு வேண்டியது அப்லோடு, அதாவது நம்மிடம் இருந்து வெளியே போகும் வேகம். தொடர்ந்து நொடிக்கு 3 மெகாபிட் (எம்பிபிஎஸ்) அப்லோடு நிலையாக இருந்தால் வீடியோவும் திரைப் பகிர்வும் சிரமமில்லாமல் போகும். வேகச் சோதனையில் 'பிங்' என்று ஒரு எண் வரும். நாம் அனுப்பியது போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்பது அது. 100க்குள் இருக்கட்டும். சோதனையை ஒரு தடவை செய்துவிட்டு நம்பாதீர்கள். விடிகாலை, மதியம், இரவு 8 மணி என்று மூன்று நேரமும், அதில் ஒரு நாளாவது கொட்டும் மழையிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் வரும் இடமானால் முதல் இணைப்பு அதுதான். ஆனால் இங்கே ஃபைபர் கேபிள் கரண்டு கம்பத்திலும் மரத்திலும் தொங்கிக்கொண்டு வருகிறது. சில்வர் ஓக் கிளை விழும், குரங்கு ஏறி ஆடும். அறுந்தால் ஒட்ட ஆள் வருவதற்குள் ஒரு பகல் போய்விடும். அதனால் இரண்டாவது வழியாக சிம் கார்டு வைத்து ஹாட்ஸ்பாட் வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் தவறுவது: ஃபைபரும் சிம்மும் ஒரே நிறுவனமாக வாங்கிவிடுவார்கள். செல்போன் டவருக்கும் கீழே இருந்து கேபிள்தான் வருகிறது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து அந்த நிறுவனத்தின் கேபிள் போனால், வீட்டு ஃபைபரும் சிம்மும் சேர்ந்தே செத்துவிடும். ஆகவே சிம் வேறு நிறுவனமாக இருக்கட்டும். வீட்டுக்கு எதிர் மேட்டில் எந்த டவர் நேராகத் தெரிகிறதோ அந்த நிறுவனத்தின் சிம்தான் சிக்னலை நன்றாக எடுக்கும். ஊரில் யாருக்கு எது நன்றாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நூறு அடி தள்ளி மலை திரும்பினால் கதை மாறிவிடும்.

ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்குச் சுமார் 1 ஜிபி போகும். தினம் 1.5 ஜிபி பிளான் மாற்று ஏற்பாட்டுக்குப் போதாது.

மூன்றாவதாக, வீட்டை விட்டு எங்கே ஓடுவது என்று ஓர் இடம் பேசி வையுங்கள். டானிங்டனில் என் தோழி வீட்டு மாடி அறைதான் எனக்கு. ஒரு கார்த்திகை மழையில் எங்கள் தெருக் கம்பமே சாய்ந்தபோது, பையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அங்கே போய் மூன்று நாள் வகுப்பு எடுத்தேன். அந்த மூன்று நாளும் ஒரு வகுப்பு கூட விடவில்லை.

4. கரண்டு

ரௌட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்குங்கள். ரௌட்டர் அடாப்டரின் அடியில் 12 வோல்ட் என்றோ 9 வோல்ட் என்றோ எழுதியிருக்கும், யு.பி.எஸ். அதே வோல்ட்டாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். கரண்டு போன நொடியில் லேப்டாப் அதன் பேட்டரியில் ஓடும், ரௌட்டரும் அணையாது. பிள்ளைக்குத் தெரியவே தெரியாது.

வாரக்கணக்கில் வேலை கிடைத்த பிறகு இன்வெர்ட்டர் போடலாம். லேப்டாப், ரௌட்டர், ஒரு எல்.இ.டி. விளக்கு மூன்றும் சேர்ந்து 70 முதல் 80 வாட்தான். நல்ல நிலையில் உள்ள 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்று இருந்தால் ஒரு பகல் முழுவதும் தாங்கும். இந்த ஊர்க் குளிரில் பேட்டரியின் கொள்ளளவு கொஞ்சம் குறையும் என்பதால் வராந்தாவில் வைக்காமல் உள்ளே, காற்றோட்டம் உள்ள மூலையில் வையுங்கள். ரூம் ஹீட்டரை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் சொருகவே கூடாது. அது ஆயிரம், இரண்டாயிரம் வாட் இழுக்கும்.

நீண்ட மின்தடையில் டவரின் பேட்டரியும் தீர்ந்துபோய் சிக்னல் விழுந்துவிடும். மாதாந்திரப் பராமரிப்புக்காக ஈ.பி.யில் முன்கூட்டியே அறிவிப்பு வரும். அந்த நாளில் வகுப்பு இருந்தால் முதல் நாளே மாற்று இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். இடி இடிக்கும்போது அடாப்டரைச் சுவரில் இருந்து கழற்றிவிட்டு யு.பி.எஸ்.ஸில் ஓட்டுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதில் மின்சாரம் வராது. கெடுப்பது சுவர் வழியாக வருவதுதான்.

5. அறை, ஈரம், குளிர்

தகர ஷீட் வீடானால் மழை பெய்யும்போது பேசுவது நமக்கே கேட்காது. ஓடோ கான்கிரீட்டோ போட்ட அறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது இல்லை என்றால், வாய்க்கு அருகே மைக் வரும் யு.எஸ்.பி. ஹெட்செட் போட்டு, ஷீட்டுக்குக் கீழே தெர்மகோலோ பழைய கம்பளியோ கட்டினால் பாதிச் சத்தம் குறையும். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். மேகம் விலகி வெயில் அடித்தால் திரையில் முகம் கறுப்பாகத் தெரியும்.

இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த லேப்டாப்பை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்து உடனே ஆன் செய்யாதீர்கள். உள்ளே நீர் பூத்திருக்கும். அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் வைப்பது என் வழக்கம். ஆடி மாதத்தில் பூட்டிய அலமாரிக்குள் புத்தகமே பூசணம் பிடிக்கிறது, லேப்டாப் எம்மாத்திரம்?

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விடிகாலை வகுப்புக்குக் குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூக்கம் வருவது போல இருக்கும்போதே உயிர் போய்விடும். சுடுநீர்ப் பை, இரண்டு ஸ்வெட்டர், காலுக்குக் கம்பளி சாக்ஸ் போதும்.

6. சாமான்கள்

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப், யு.எஸ்.பி. ஹெட்செட், பேனா போன்ற குச்சியால் எழுதும் பென் டேப்லெட். கணக்கு, அறிவியல் எடுப்பவர்களுக்குப் பென் டேப்லெட் இல்லாமல் முடியாது. மவுஸில் பின்னம் எழுதிப் பார்த்தால் தெரியும். திரையில்லாத சிறிய டேப்லெட்டே போதும். கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து எழுதப் பத்து நாள் பழக வேண்டும். கேமரா கண் மட்டத்தில் இருக்க, லேப்டாப்புக்கு அடியில் நாலு புத்தகம் வையுங்கள். அவ்வளவுதான்.

7. விண்ணப்பம், ஏமாற்று வேலைகள்

நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள வேலைவாய்ப்புப் பக்கத்தில் நேரடியாக விண்ணப்பியுங்கள். வழக்கமான வரிசை இதுதான்: விண்ணப்பம், பாடத்தில் ஒரு தேர்வு, டெமோ வகுப்பு, சான்றிதழ் சரிபார்ப்பு, பயிற்சி.

இதில் எந்தக் கட்டத்திலும் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டெலிகிராமில் சேர்த்து, சின்னச் சின்ன வேலைக்குப் பணம் தந்து நம்ப வைத்து, பிறகு பெரிய தொகையைக் கறப்பதும் நடக்கிறது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சைபர் குற்ற உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு.

8. டெமோ வகுப்பு

பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். தேர்வு செய்பவர் ஒரு பிள்ளை போல நடிப்பார். நன்றாகப் படித்தவர்கள் பலர் இங்கேதான் விழுகிறார்கள், ஏனென்றால் பதினைந்து நிமிடமும் தாங்களே பேசுகிறார்கள்.

ஓர் உதாரணம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்கிறீர்கள். 'பிள்ளை' மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து என்று கூட்டி, 2/5 என்கிறது. உடனே தவறு என்று சொல்லி மீச்சிறு மடங்கை எழுத ஆரம்பித்தால் டெமோ அங்கேயே சப்பென்று ஆகிவிடும். "சரி, 2/5 பெரியதா, அரை பெரியதா?" என்று கேளுங்கள். இரண்டு பட்டை வரைந்து ஒன்றைப் பாதியாகவும் மற்றதை ஐந்தாகவும் பிரித்துக் காட்டுங்கள். அரைதான் பெரியது என்று பிள்ளை சொல்லும். "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, எப்படிக் குறைந்தது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்தப் பத்து விநாடி மௌனத்துக்காகத்தான் உங்களை எடுப்பார்கள்.

நம் ஊர் ஆங்கிலத்தில் சில சொற்களையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நாம் 'த்ரீ இன்டு ஃபோர்' என்றால் பெருக்கல். அமெரிக்கப் பிள்ளைக்கு 'இன்டு' என்றதும் வகுத்தல்தான் நினைவுக்கு வரும். 'டைம்ஸ்' என்று சொல்லுங்கள். 'எனி டவுட்ஸ்?' என்று கேட்டால் நம்மை நம்புகிறாயா என்று கேட்பது போல இருக்கும். 'கொஸ்டின்ஸ்' என்று கேளுங்கள். நாம் 'ட்ரபீசியம்' என்று படித்த சரிவகம் அங்கே 'ட்ரபீசாய்டு'. நேர்கோட்டின் சமன்பாட்டில் நாம் 'சி' என்று எழுதுவதை அவர்கள் 'பி' என்று எழுதுவார்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

9. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

பிள்ளை வராமல் போனால் உங்களுக்குப் பணம் உண்டா? நீங்கள் ஒரு வகுப்பு தவறினால் எவ்வளவு பிடிப்பார்கள்? இயற்கைச் சீற்றத்துக்கு விலக்கு உண்டா? மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் என்று உறுதி தருகிறார்களா? வேறு இடத்தில் பாடம் எடுக்கத் தடையா? எத்தனை நாள் முன்னறிவிப்பு? இந்தக் கேள்விகளுக்கு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது.

பிள்ளைகளோடு உள்ள தொடர்பு முழுவதும் நிறுவனத்தின் செயலி வழியாகவே இருக்கட்டும். உங்கள் சொந்த எண்ணைத் தர வேண்டாம், பிள்ளையின் எண்ணை வாங்கவும் வேண்டாம். பிள்ளையின் படத்தை உங்கள் போனில் வைக்காதீர்கள். இது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

10. பணம், வரி

சம்பள ஊழியராகச் சேர்ந்தால் பி.எஃப்., சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழ் எல்லாம் வரும். பெரும்பாலானோர் ஒப்பந்த அடிப்படையில்தான் இருப்போம். அப்படியானால் வருடத் தொகை வரம்பைத் தாண்டும்போது இந்திய நிறுவனம் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது வழக்கம். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். புது வரி முறையில் 2025-26 நிதியாண்டு முதல் 12 லட்சம் வரை இந்த வகை வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் பிடித்தது கைக்கு வரும். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

இந்தத் துறை ஏறும், இறங்கும். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது எல்லா நிறுவனமும் ஆள் எடுத்தன, 2022இல் குறைத்தன. நாட்டிலேயே பெரிதாக இருந்த பைஜூஸ் மீது 2024 ஜூலையில் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கையை அனுமதித்தது. பச்சைத் தேயிலை விலையை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் புதிதல்ல. மூன்று மாதச் செலவை ஒதுக்கிவைத்த பிறகுதான் இன்வெர்ட்டரும் புது லேப்டாப்பும். முடிந்தால் ஒன்றுக்கு இரண்டு நிறுவனம்.

11. மழைக்காலத்துக்கு முன்பு

உங்கள் பக்கத்துக்கு எந்த மழை என்று தெரிந்துகொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. 2019 ஆகஸ்ட் 8இல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசியும் கார்த்திகையும். 2009 நவம்பர் மண்சரிவை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாலும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு விடுமுறை இல்லை.

புரட்டாசி கடைசியில் நான் செய்வது: யு.பி.எஸ்.ஸில் ரௌட்டர் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பேன். இரண்டாவது சிம்முக்கு மூன்று மாத ரீசார்ஜ் போட்டுவிடுவேன். அடுத்த நான்கு வகுப்புகளின் பாடத்தையும் பயிற்சித் தாளையும் முன்கூட்டியே செயலியில் ஏற்றி வைப்பேன். நான் வர முடியாமல் போனால் வேறொரு ஆசிரியர் அப்படியே எடுக்கலாம். நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு, "இந்த இரண்டு மாதம் எங்கள் ஊரில் கனமழை. இணைப்பு போனால் ஐந்து நிமிடத்துக்குள் குறுஞ்செய்தி அனுப்புவேன்" என்று எழுதிவிடுவேன். நெட் இல்லாவிட்டாலும் எஸ்.எம்.எஸ். பல நேரம் போய்ச் சேரும். அவருடைய எண்ணை ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டியிருக்கிறேன், போன் அணைந்தாலும் பக்கத்து வீட்டுப் போனில் இருந்து கூப்பிடலாம்.